ரப்பர் என்னும் சர்வரோக நிவாரணி

மரத்தளத்தின் மேல் நின்றுகொண்டு, துணி பிழியும் வேளையில் வீட்டையே உலுக்கிவிடும் சலவை யந்திரத்துக்கு என்ன பரிகாரம் என்று யாரிடம் கேட்டாலும், கேள்வியை முடிப்பதற்குள் "காலுக்கடியில் ரப்பர் வையுங்கள்" என்ற பதில் வந்துவிடுகிறது. யந்திரம் விற்கிற கடைக்காரர் சொல்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறும் ஆள் சொல்கிறார். பக்கத்து வீட்டார் சொல்கிறார். வட்டமாகவும் சதுரமாகவும் வார்த்த கறுப்பு வில்லைகளை நான்கு நான்காக அடைத்து விற்கிறவர்களோ, வாயால் சொல்வதோடு நில்லாமல், அதிர்வு முழுவதையும் அவை விழுங்கிவிடும் என்று அட்டையிலேயே அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். இத்தனை பேர் ஒரே குரலில் சொல்வது பொய்யாக இருக்குமா என்று ஜனங்கள் வாங்குகிறார்கள், வைக்கிறார்கள், வைத்த பிறகும் வீடு முன்போலவே குலுங்குவதைக் கண்டு, குற்றம் வில்லையின் தடிமனில்தான் இருக்கவேண்டும் என்று தாமே ஒரு சமாதானத்தைக் கற்பித்துக்கொண்டு, இன்னும் தடித்த வில்லைக்குக் காசு கொடுக்கிறார்கள். இந்த நம்பிக்கை பயனற்றது என்பதோடு நான் நிறுத்திக்கொள்வதாக இல்லை. மரத்தளத்தைப் பொறுத்தவரை அது பல சமயங்களில் நேர்விரோதமான பலனையே தருகிறது என்பது என் கட்சி.

கான்கிரீட் தளத்தின் மேல் யந்திரம் வைத்திருக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த விவகாரமே விசித்திரமாகத் தோன்றலாம். இங்கிலாந்தில் குடியிருப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் முதலிய இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழும் வரிசை வீடுகள், பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்திலும் எழுந்தவை. செங்கல் சுவருக்கும் செங்கல் சுவருக்கும் இடையே, ஏறக்குறைய 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மர விட்டங்களை வரிசைப்படுத்தி, அவற்றின் குறுக்கே பலகைகளைத் தைத்துவிட்டால் அதுவே அந்த வீடுகளின் தளம். கீழ்வீடானால் அதற்கடியில் காற்றோட்டத்துக்கென்று விட்ட வெற்றிடம் இருக்கும், மேல்வீடானால் கீழே குடியிருப்பவருடைய உட்கூரைச் சாந்து இருக்கும். கட்டினவர்கள் சமையலுக்கும் துவைப்புக்கும் வீட்டின் பின்புறத்தையே ஒதுக்கினார்கள். அங்கே பல வீடுகளில் மண்ணின் மேலேயே பரப்பிய கெட்டித் தரை இருந்தது. பிற்காலத்தில் ஒரு வீட்டை மேலும் கீழுமாக இரண்டு குடித்தனமாகப் பிரித்தவர்கள்தாம், மாடியில் இருப்பவருக்கும் சமையலறை வேண்டுமே என்று, கட்டிலும் அலமாரியும் தாங்குவதற்காகப் போட்ட பலகையின் மேல் அடுப்பையும் தொட்டியையும் சலவை யந்திரத்தையும் கொண்டுபோய் ஏற்றினார்கள். வினை அங்கேதான் பிறந்தது.

யந்திரத்தின் வயிற்றுக்குள் நடப்பது என்ன என்பதை அறியாமல் இதைப் பேசிப் பயனில்லை. பிழியும் சமயத்தில் ஈரத்துணி டிரம்முக்குள் சமமாகப் பரவாமல் ஒரு பக்கத்தில் 300 கிராம் அதிகமாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இது அபூர்வமான சம்பவமன்று, ஒரு துண்டு மடிந்து ஒட்டிக்கொண்டால் போதும். மையத்திலிருந்து 24 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் அந்த 300 கிராம், நிமிஷத்துக்கு 1400 சுற்று வேகத்தில், ஏறக்குறைய 150 கிலோ எடைக்கு நிகரான பலத்தோடு டிரம்மை வெளியே இழுக்கிறது. இழுக்கும் திசையும் வினாடிக்கு 23 முறை வட்டமடிக்கிறது. ஒரு பருத்த மனிதரையும் அரை மனிதரையும் சேர்த்த எடை இப்படிச் சுழன்றடித்தும் யந்திரம் சுக்குநூறாகிவிடாமல் நிற்பதற்குக் காரணம், டிரம்மைச் சூழ்ந்த தொட்டியை அதன் சிருஷ்டிகர்த்தர்கள் உறையோடு இறுகப் பிணைக்காமல் ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டிருப்பதும், அந்தத் தொட்டியின் மேல் 20 கிலோவும் அதற்கு மேலுமாகக் கான்கிரீட்டுக் கட்டிகளைப் பூட்டியிருப்பதுமே ஆகும். எடை மிகுந்த தொட்டி சுலபத்தில் அசையாது. ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஆடி, அந்த மாபெரும் இழுப்பின் பெரும்பகுதியைத் தன் கனத்தாலேயே எதிர்த்துத் தீர்த்துவிடுகிறது. ஸ்பிரிங் வழியாகவும், அதன் பக்கத்தில் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் வழியாகவும் வெளி உறைக்கு வந்து சேர்வது ஒரு சிறு மீதியே.

ஆகவே மென்மையினால் அதிர்வைத் தடுப்பது என்ற உபாயம் யந்திரத்துக்குள்ளேயே, கணக்கறிந்தவர்கள் கையால், வேண்டிய அளவு கனத்தோடும் வேண்டிய அளவு நெகிழ்ச்சியோடும், ஏற்கெனவே செய்து முடிந்திருக்கிறது. அந்த ஏற்பாடு வெளியிலிருந்து எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று: உறை அசையாமல் நிற்கவேண்டும். 1937-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பெண்டிக்ஸ் என்னும் தானியங்கிச் சலவை யந்திரத்துக்கு இவ்விதமான உள்தொங்கல் கிடையாது. அதைத் தரையோடு போல்ட்டுப் போட்டு முடுக்கித்தான் ஓட்டினார்கள். இன்றைய யந்திரம் அந்தத் தளையிலிருந்து விடுதலை பெற்றுவிட்டது உண்மை. ஆனால் தரை உறுதியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து அது விடுதலை பெறவில்லை.

இனி வில்லையைப் பார்ப்போம். எந்தப் பொருளையும் நெகிழ்வான ஒன்றின் மேல் வைத்தால், அது தானாக ஆடுவதற்கென்று ஒரு சொந்த வேகம் ஏற்பட்டுவிடுகிறது. வைத்தவுடன் எவ்வளவு அமுங்குகிறதோ அதைக்கொண்டே அந்த வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். யந்திரத்தின் பாரத்தால் வில்லை 1 மில்லிமீட்டர் அமுங்கினால் சொந்த வேகம் வினாடிக்குச் சுமார் 16 ஆட்டம். யந்திரத்தின் பாஷையில் நிமிஷத்துக்கு 950 சுற்று. வெளியிலிருந்து வரும் உந்தல் இந்த வேகத்தோடு ஒத்துப்போகும்போது ஒவ்வோர் உந்தலும் முந்தைய ஆட்டத்தோடு கூடிப் பெருகுகிறது. உந்தலின் வேகம் சொந்த வேகத்தைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கைத் தாண்டின பிறகே, தடுப்பு என்று சொல்லத்தக்க எதுவும் ஆரம்பமாகிறது. அதாவது நம் வில்லை 1340 சுற்று வரையில் அதிர்வைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியே கொடுக்கும். 1400 சுற்றில் ஓடும் யந்திரத்துக்கு ஏதோ தருமத்துக்கு ஒரு துளி நிவாரணம் செய்யும். உண்மையான தடுப்பு வேண்டுமானால் வில்லை 10 மில்லிமீட்டராவது அமுங்கவேண்டும். அவ்வளவு அமுங்கும் நான்கு கால்களின் மேல், 85 சென்டிமீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பெட்டி, வேகம் கூடும்போதும் குறையும்போதும் பக்கவாட்டில் தள்ளாடும் தள்ளாட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த ஆசையை உடனே விட்டுவிடுவார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம், வில்லைக்குக் கீழே இருப்பது அசையாத தரை என்று பாவித்துக்கொண்டு சொன்னது. மரத்தளம் அப்படிப்பட்டதா? மரத்தளங்களுக்கு இன்று பிரிட்டனில் வழங்கும் விதிப்படி, 4 மீட்டருக்கு மேற்படாத தளம் 100 கிலோ பாரத்தை ஓரிடத்தில் வைத்தால் 1.8 மில்லிமீட்டர் வரையில் தாழலாம். தாழ்ந்தாலும் அது நல்ல தளந்தான். புதுத் தளத்துக்கே சலுகை இவ்வளவென்றால், நூறு வருஷம் மிதிபட்ட பழைய தளத்தின் யோக்கியதையை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். நாம் வாங்கி வைக்கும் வில்லை எவ்வளவு நெகிழ்கிறதோ, அதற்குக் குறையாமல் தளமும் நெகிழ்கிறது என்பதே இதன் தாத்பரியம். நெகிழ்கிற தளத்தின் மேல் நெகிழ்கிற வில்லையை வைத்து அமைதியை எதிர்பார்ப்பது, அம்மியை மெத்தையின் மேல் வைத்து மிளகாய் அரைப்பதற்குச் சமானம். ஐரோப்பியக் கட்டடவிதியான யூரோகோட் 5, வீட்டு மரத்தளத்தின் சொந்த வேகம் வினாடிக்கு 8 ஆட்டத்துக்குக் குறைந்தால் அதைத் தனியாகப் பரிசீலிக்கவேண்டும் என்று சொல்கிறது. அது மனிதர் நடக்கும் நடையை மனத்திற்கொண்டு செய்த விதியே ஒழிய, சலவை யந்திரத்தை எண்ணிச் செய்ததன்று. வினாடிக்கு 8 என்பது நிமிஷத்துக்கு 480 சுற்று. 15 என்பது 900 சுற்று. விதியை நிறைவேற்றிய உத்தமமான தளமும், துணி பிழியும் யந்திரம் ஏறியும் இறங்கியும் போகும் பாதையிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

ஈஸ்ட் ஹாமில் மாடிக் குடித்தனம் ஒன்றில், இருமுறை வில்லை மாற்றிப் பார்த்துவிட்ட யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, இன்னும் கொஞ்சம் தடிப்பா ஒண்டு வாங்கிப் போட்டால் சரி வருமோ?" நான் மறுமொழி சொல்லாமல், யந்திரம் பிழியத் தொடங்கியதும் அவரைச் சற்றுத் தள்ளி, ஜன்னலோரமாக நிற்கச் சொன்னேன். யந்திரத்தை அவர் தொடவில்லை. ஆனால் அவர் காலடியில் பலகை துடித்தது. பாத்திர அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன. "மெஷின் அங்க நிக்குது, இஞ்ச என்னெண்டு ஆடுது?" என்றார். "ஆடுறது மெஷின் மட்டும் இல்லை அக்கா, நிலமும் சேர்ந்து ஆடுது" என்றேன். வில்லையை எவ்வளவு தடிப்பாக்கினாலும் ஜன்னலோரத்துப் பலகைக்கு அதனால் என்ன பலம் வந்துவிடப் போகிறது?

ரப்பருக்கு உரிய ஸ்தானத்தை மறுக்கும் எண்ணம் எனக்கில்லை. வழுவழுப்பான தரையில் கால் வழுக்கி யந்திரம் ஊர்ந்து போவதை அது நிறுத்தும். மோட்டார் எழுப்பும் மெல்லிய ரீங்காரம் விட்டத்தில் ஏறிக் கீழ்வீட்டுக்குப் போவதையும் ஓரளவு தணிக்கும், ஏனெனில் அந்த ரீங்காரத்தின் வேகம் நாம் பேசிக்கொண்டிருக்கும் குலுக்கலின் வேகத்தைவிடப் பல மடங்கு அதிகம். கான்கிரீட் தரையில் ரப்பர் வைத்து நன்மை கண்டவர்கள் சொல்வது பொய்யன்று. அவர்கள் கண்ட நன்மையை மரத்தளத்துக்கும் அப்படியே பெயர்த்து உபதேசிப்பதுதான் பிழை. காதில் விழும் சத்தமும் காலில் படும் ஆட்டமும் ஒன்றே என்று எண்ணும் பிரமையிலிருந்துதான் இந்த நம்பிக்கை முழுவதும் கிளைத்திருக்கிறது.

ரப்பரில் நம்பிக்கை இழந்தவர்கள் அடுத்துச் சரணடைவது தோட்டத்துக் கான்கிரீட்டுப் பாளம். 60 சென்டிமீட்டர் சதுரமும் 5 சென்டிமீட்டர் கனமும் உள்ள பாளம் ஒன்று 40 கிலோ இருக்கும். அதை விட்டங்களின் மேல் ஏற்றினால் தளம் விறைப்பதில்லை, பாரம் மட்டும் கூடுகிறது. பாரம் கூடினால் தளத்தின் சொந்த வேகம் இன்னும் கீழே இறங்குகிறது. அது யந்திரத்தின் வேகத்தைவிட்டு விலகினால் அதிர்ஷ்டம், அதனோடு போய் ஒட்டிக்கொண்டால் துரதிர்ஷ்டம்; இதை வைத்தியம் என்று சொல்லமாட்டார்கள், சீட்டுக் குலுக்கல் என்பார்கள். கொஞ்சமாகத் துணி போட்டால் குறைவாக ஆடும் என்பது இன்னொன்று. ஒற்றைக் குளியலறை விரிப்பு தனியாக உள்ளே போனால், அதற்கு எதிர்ப்பக்கத்தில் சமன் செய்யத் துணியே இல்லாமல், அரை டிரம் கலவைத் துணியைவிட மோசமாக அடிக்கும். துணியைப் பலமுறை புரட்டிப் பார்த்துச் சலித்த யந்திரம் பிழியாமலே விட்டுவிடுவதும் உண்டு. பிழியும் வேகத்தைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது: 1400 சுற்றை 1000 ஆக்கினால் இழுவிசை பாதியாகிவிடும், துணி சற்றே ஈரமாக வரும். ஆனால் தளத்தின் சொந்த வேகம் 1000 சுற்றுக்கு அருகில் அமைந்துவிட்ட வீட்டில் 1400-ஐவிட 1000 கொடியது; எந்த வேகத்தில் தட்டுகள் கிணுகிணுக்கின்றன என்று ஒருமுறை நின்று கவனித்த பிறகே எண்ணைத் திருப்பவேண்டும்.

செய்யவேண்டிய காரியங்களில் முதலாவது, யந்திரத்தின் முதுகுப்புறத்தைப் பார்ப்பது. வண்டியில் வரும்போது தொட்டி ஆடிச் சேதமாகாதபடி மூன்று அல்லது நான்கு நீண்ட போல்ட்டுகளால் அதைப் பூட்டி அனுப்புகிறார்கள். அவற்றைக் கழற்ற மறந்துவிட்ட வீடுகளில் ஸ்பிரிங்கும் கான்கிரீட்டும் வெறும் அலங்காரமாய் நிற்க, முன்சொன்ன 150 கிலோவும் குறைவின்றித் தளத்தில் இறங்குகிறது. இரண்டாவது, கால்கள். திருகி ஏற்றவும் இறக்கவும் கூடிய அந்தக் கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் ஒரு தாள் கனத்துக்கு உயர்ந்திருந்தாலும், மேல் மூலையை அமுக்கும்போது எதிர்மூலை எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும். ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்த பிறகு, ஒவ்வொரு காலிலும் உள்ள பூட்டு நட்டை ஸ்பேனரால் உறையின் அடித்தகட்டோடு இறுக்கவேண்டும். இறுக்காத கால் பத்துச் சலவைக்குள் தானே திருகிக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த நட்டைக் கண்டிராத வீட்டுக்காரர்கள் ஏராளம். வில்லையைக் கண்டிராதவர் ஒருவரும் இல்லை.

பிறகுதான் தளம். விட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைப் பலகையின் ஆணிகளே சொல்லும்; பலகைக்குக் குறுக்காக வரிசையாகத் தெரியும் ஆணித்தலைகளின் கோடுதான் விட்டத்தின் கோடு. அந்தக் கோடு எந்தச் சுவரில் போய் முட்டுகிறதோ அந்தச் சுவரோரம் யந்திரத்துக்கு உத்தமமான இடம். 3 மீட்டர் நீளமுள்ள விட்டத்தின் நடுவே யந்திரத்தை வைப்பதற்குப் பதில், குழாய்க்கு இடம் விட்டு அதன் மையம் சுவரிலிருந்து 35 சென்டிமீட்டரில் வரும்படி வைத்தால், அதே பாரத்துக்கு விட்டம் வளைவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒரு காசு செலவில்லாத இந்தப் பரிகாரத்தை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை என்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் "சுவரோரமாகத் தள்ளுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் அரைகுறை ஞானந்தான். விட்டங்கள் எந்தச் சுவருக்கு இணையாக ஓடுகின்றனவோ அந்தச் சுவரோரம் வைத்தால், விட்டத்தின் நடுப்பகுதியிலேயே யந்திரம் நிற்கக்கூடும். பக்கத்தில் சுவர் இருப்பது கண்ணுக்குத்தான் ஆறுதல்.

இடம் மாற்ற வழியில்லாதவர்கள் தளத்தை விறைப்பாக்கத்தான் வேண்டும். 18 மில்லிமீட்டருக்குக் குறையாத பிளைவுட்டை, மூன்று நான்கு விட்டங்களையாவது தழுவும்படி அகலமாக அறுத்து, பசையிட்டு, பலகையை ஊடுருவி விட்டத்திலேயே பிடிக்கும்படி நீண்ட ஸ்குரூக்களால் முடுக்கினால், ஒரு விட்டத்தின் மேல் விழுந்த அடி நான்கின் மேல் பங்கிடப்படும். முடுக்குவதற்கு முன் அடியில் ஓடும் தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது உயிருக்கும் உட்கூரைக்கும் நல்லது. பலகையைத் திறக்கச் சம்மதமிருந்தால் விட்டங்களுக்கு இடையே அவற்றின் உயரத்துக்கே குறுக்குக் கட்டைகளை இறுக்கி அடிக்கலாம். தளர்ந்த விட்டத்தின் பக்கத்தில் இன்னொரு விட்டத்தைச் சேர்த்துப் போல்ட்டுப் போடலாம். கீழ்வீட்டுக்காரர் பாக்கியசாலி: விட்டத்தின் நடுவுக்கு நேராக, மண்ணில் ஒரு பாளத்தைப் பதித்து, ஈரம் ஏறாத தகட்டை இடையில் வைத்து, நான்கைந்து செங்கல்லில் குட்டைத் தூண் ஒன்று எழுப்பிவிட்டால் 4 மீட்டர் விட்டம் இரண்டு 2 மீட்டர் விட்டமாகிவிடுகிறது; வளைவதோ, நீளம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகிறது. சுவரில் காற்றுக்கென்று விட்ட துளைச் செங்கற்களை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

பலகையைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு காட்சிகள் காத்திருக்கும். ஒன்று, குழாய்க்காரர் வெட்டிய பள்ளம். 17.5 சென்டிமீட்டர் உயரமுள்ள விட்டத்தின் மேல்விளிம்பில் குழாய் போவதற்காக இரண்டரை சென்டிமீட்டர் வெட்டினால், போனது ஏழில் ஒரு பங்கு மரந்தானே என்று தோன்றும். விறைப்பு உயரத்தின் மும்மடிக் கணக்கில் மாறுவதால், அந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே பறிபோய்விடுகிறது. மற்றொன்று, வெளிச்சுவருக்குள் புகுந்திருக்கும் விட்டத்தின் தலை ஈரத்தில் ஊறி, ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உதிர்ந்துவிடும் அளவுக்கு உளுத்துப்போயிருப்பது. வாடகைக்கு இருப்பவர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதவேண்டியதில்லை. நல்ல நிலையில் இருக்கும் தளத்தை யந்திரத்துக்காக மேலும் வலுப்படுத்தும்படி வீட்டுக்காரரைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அதற்குக் கேட்டுத்தான் சம்மதம் வாங்கவேண்டும். உளுத்த விட்டம் அப்படியல்ல. குறுகிய கால வாடகையில், வீட்டின் கட்டுமானத்தைச் செப்பமாக வைத்திருக்கும் பொறுப்பை 1985-ம் வருஷத்து இங்கிலாந்து வாடகைச் சட்டத்தின் 11-ம் பிரிவு வீட்டுக்காரர் மேலேயே வைத்திருக்கிறது. ஆகையால் ஸ்குரூ டிரைவர் புகுந்த அந்தத் தலையைப் படம்பிடித்து, தேதியிட்ட கடிதத்தோடு அவருக்கு அனுப்பிவிட்டு, விட்டம் மாறும் வரையில் யந்திரத்தை ஓட்டாமல் இருக்கலாம்.